கார்பன் இழையின் மேல் ஒரு பாலிமர் உறை

2001ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் முதன்முதலாக வானில் எழுந்த தேஜஸ் போர் விமானத்தின் உடலமைப்பு எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கூட்டுப்பொருள்களே ஆகும். இவற்றுள் பெரும்பகுதி, கார்பன் இழையைப் பிசினில் பதித்து உருவாக்கப்படுவது.

இழை வலுவுடையதாயினும் அதன் மேற்பரப்பு பிசினுடன் எளிதில் ஒட்டுவதில்லை. ஒட்டு தளர்ந்தால் அடுக்குகள் பிரிகின்றன. அளவு மீறி இறுகினாலோ, ஓரிடத்தில் தோன்றிய விரிசல் இழைகளை அறுத்துக்கொண்டே பரவுகிறது. இவ்விரு தீங்குகளையும் தவிர்க்கவே இழைக்கு மெல்லிய பாலிமர் உறை இடப்படுகிறது.

கார்பன் ஒரு மின்கடத்தி. எனவே இழைக்கற்றையையே மின்வாயாக்கி, மோனோமர் கலந்த கரைசலில் அமிழ்த்தி மின்னோட்டம் செலுத்தினால், இழையின் மீதே பாலிமர் வளர்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர். வி. சுப்பிரமணியன் 1970களில் இம்முறையை ஆராய்ந்தார்.

உறை இடுவதினும், இட்ட உறையின் தன்மையை அறிவது கடினமானது. 7 மைக்ரான் குறுக்களவுள்ள இழையின் மேல் 0.1 மைக்ரான் உறை படிந்தால் எடை ஏறத்தாழ 4 விழுக்காடு கூடும். தராசு இதனைக் காட்டிவிடும். ஆனால் அது காட்டுவது சராசரியை மட்டுமே. 12,000 இழைகள் கொண்ட கற்றையில் வெளிப்புற இழைகள் தடித்த உறையைப் பெற, கரைசல் எளிதில் எட்டாத உள்ளிழைகள் ஏறக்குறைய வெறுமையாகவே இருந்துவிடக்கூடும். தலைவீத வருமானத்தைக் கொண்டு கடைக்கோடிக் குடும்பத்தின் நிலையை மதிப்பிடுவோர் செய்யும் பிழைக்கு இது ஒப்பானது.

செலுத்திய மின்னேற்றத்தைக் கொண்டு கணக்கிடலாம் என்பர். பாலிபிரோலில் இது ஓரளவு பொருந்தும்; அங்கு சேரும் ஒவ்வொரு மோனோமருக்கும் இரண்டுக்குச் சற்று மிகுதியான எலெக்ட்ரான்கள் செலவாகின்றன. தொடர்வினையாக வளரும் அக்ரிலிக் வகைகளிலோ, ஒரே எலெக்ட்ரான் நீண்டதொரு சங்கிலியைத் தொடங்கி வைத்துவிடலாம். அங்கே இக்கணக்கு உதவாது.

ஆகவே கற்றையின் நடுவிலிருந்தும் இழைகளை எடுத்து முறித்து, முறிந்த முகத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் காண்பது இன்றியமையாதது. கரைப்பானில் கழுவிய பின்னும் எஞ்சும் உறை எவ்வளவு என்பதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். வேதியமைப்பை அகச்சிவப்பு நிறமாலை கூறும். எனினும் கார்பனே அக்கதிரைப் பெரிதும் உறிஞ்சிவிடுவதால் தெளிவான நிறமாலையைப் பெறுவது எளிதன்று.

ஒட்டின் வலிமையை அறிய, ஒற்றை இழையைப் பிசினில் பதித்து இழுக்கின்றனர். இழை உள்ளேயே துண்டு துண்டாக முறிகிறது. இழையின் வலிமை மாறாதிருக்கத் துண்டுகள் குறுகினால், ஒட்டு வலுத்திருக்கிறது என்பது பொருள். கொள்முதல் விவரக்குறிப்பை வரைவோர் எடைக் கூடுதலோடு நின்றுவிடாமல், நடு இழைகளின் நுண்ணோக்கிப் படத்தையும் இச்சோதனையின் முடிவையும் கோரிப் பெறுதல் வேண்டும்.