அடுத்த வீட்டுச் சொல்



தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர். சாரல் தொடங்கிவிட்டால், “குற்றாலம் பக்கத்துலதானே சார், கூட்டிட்டுப் போங்க” என்பார்கள் பிள்ளைகள். அருகில் என்று பொருள்படும் ‘நியர்’ என்ற ஆங்கிலச் சொல்லை நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் ‘நெய்பர்’ என்ற சொல்லை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி நடுவில் வரும் ‘ஜி’, ‘எச்’ இரண்டையும் விட்டுவிட்டாள். சிவப்பு மையால் சுழித்தேன். “சொல்லாத எழுத்த எதுக்கு சார் எழுதணும்?” என்று கேட்டாள். “அது அப்படித்தான். பத்துத் தடவை எழுது” என்றேன். எழுதினாள். அதன்பின் என் வகுப்பில் அவள் எதுவும் கேட்கவில்லை.

உண்மையில் எனக்குப் பதில் தெரியாது. அதை மறைத்ததே என் தவறு.

பிறகுதான் அகராதியைப் புரட்டினேன். பழைய ஆங்கிலத்தில் ‘நேஅஹ்’ என்றால் அருகில். ‘கெபூர்’ என்றால் குடியிருப்பவர், உழவர். இரண்டும் சேர்ந்து ‘அருகில் குடியிருப்பவர்’. ‘நேஅஹ்’ என்பதன் கடைசி ஒலி, ஏறத்தாழ நம் ஆய்தம் போலத் தொண்டையில் உரசி எழுந்தது. அதைக் குறிக்கவே பின்னாளில் ‘ஜி’, ‘எச்’ எழுதினார்கள். ஒலி தேய்ந்தது, எழுத்து நின்றுவிட்டது.

‘நை’, ‘நியர்’, ‘நெக்ஸ்ட்’ மூன்றும் ஒரே குடும்பம். முதலில் அவற்றின் பொருள் முறையே அருகில், இன்னும் அருகில், மிக அருகில். காலப்போக்கில் ‘நியர்’ வெறும் ‘அருகில்’ ஆனது. ‘நெக்ஸ்ட்’ என்பது ‘அடுத்த’ ஆனது.

நம் தமிழைப் பாருங்கள். ‘அடு’ என்றால் நெருங்கு, சேர். அதிலிருந்து அடுத்த வீடு, அடுத்த வாரம், அடுத்தவர். இடத்தின் நெருக்கமே காலத்தின் வரிசைக்கும் சொல்லானது. ஆங்கிலம் நடந்த வழியில் நம் பிள்ளைகள் வீட்டிலேயே நடந்திருக்கிறார்கள். அதைச் சுட்டிக்காட்டினால் போதும்.

மறு ஆண்டு அந்த மாணவியை அழைத்து, “நீ கேட்டது நல்ல கேள்வி. அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை” என்று சொல்லி, இதையெல்லாம் விளக்கினேன். கேட்டு முடித்தவள், “அப்ப அந்தப் பத்துத் தடவ சார்?” என்றாள். இருவரும் சிரித்தோம். மறுநாள் வேறொரு சொல்லோடு வந்து நின்றாள்.

தெரியாதபோது, “நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்வோம். மறக்காமல் மறுநாள் சொல்லியும் விடுவோம்.