மஞ்சள் பையும் மாத்திரைக் கவரும்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் சமுதாய நலப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



ஓசூரில் பிளாஸ்டிக்கைக் குறைப்பது பற்றிய பயிற்சிப் பட்டறை ஒன்றை நடத்தப் போகிறோம் என்று எழுதியபோது, "ஆஸ்பத்திரிக்கு இது என்ன வேலை?" என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. நீங்கள் அனுப்பும் காணிக்கை மருந்துக்கும் கட்டிலுக்கும் போகிறது என்ற நம்பிக்கையில்தான் அனுப்புகிறீர்கள். ஆகவே அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்.

மழை தொடங்கிவிட்டால் காய்ச்சல் கண்ட பிள்ளைகளால் எங்கள் வார்டு நிறைந்துவிடுகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தூக்கியெறிந்த டீ கப்பில் தேங்கிய கொஞ்சம் மழைத் தண்ணீரே அதற்குப் போதும். ஏழு முதல் பத்து நாட்களில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தவர்கள் வாடகைக்குக் குடியிருக்கும் தெருக்களில், காலி மனை ஒவ்வொன்றும் இப்படிப்பட்ட கப்புகளால் நிறைந்து கிடக்கிறது. அதைக் கூட்டிக் கொளுத்தினாலும் கேடுதான். அந்தப் புகையில் டையாக்சின் போன்ற நஞ்சுகள் உண்டு. இளைப்பு நோயாளிகளுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் 2016 முதலே தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் அரசு தொடங்கியது. ஆனாலும் அத்திப்பள்ளி எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கம் நின்றாலும் கறிக்கடையில் கறுப்புக் கவர்தான் கைக்கு வருகிறது. நீலகிரியிலோ 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே அப்போதைய ஆட்சியர் சுப்ரியா சாகு இந்தக் காரியத்தைத் தொடங்கி நடத்திக் காட்டினார். மலைக்குப் போகும் வழிகளில் நின்று சோதனை செய்ய முடியும். நாலு பக்கமும் திறந்து கிடக்கும் ஓசூரில் அப்படிச் செய்ய முடியுமா? ஆகவே கடைக்காரரையும் வீட்டுப் பெண்களையும் உட்கார வைத்துப் பேசுவதே வழி என்று தீர்மானித்தோம்.

முதல் தவறு எங்களுடையதே. பட்டறைக்கு விளம்பரம் வேண்டுமென்று ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றுக்குச் சொல்லியாயிற்று! ஃபிளெக்ஸ் என்பதே பி.வி.சி. பிளாஸ்டிக் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் வாட்ச்மேன்தான் சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு வெள்ளைத் துணியில் பெயின்ட்டால் எழுதி மாட்டினோம். நோட்டீஸைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளில் அச்சடித்தோம். உருது பேசும் வீடுகளுக்கு எங்கள் நர்ஸ் சகோதரிகள் நேரில் போய்ச் சொன்னார்கள். உண்மையில் ஆட்களைக் கொண்டுவந்தது நோட்டீஸ் அல்ல, அந்த வீட்டுச் சந்திப்புதான். கடைக்காரர்களுக்குக் காலை வசதிப்படாது, மாலையும் வசதிப்படாது. பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்த பிறகே வந்தார்கள்.

"நுரை பொங்கக் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறதே தென்பெண்ணை, அதைப் பெங்களூர்க்காரரிடம் போய்ச் சொல்லுங்கள்" என்றார் ஒருவர். அவர் கோபம் நியாயமானதுதான். ஆனால் ஆற்று நுரை கழிவுநீரின் காரியம். நம் தெருவிலுள்ள கப்பைப் பெங்களூர்க்காரர் வந்து போடவில்லை என்றோம். அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

டீக்கடைக்காரர் ஒருவர், "பேப்பர் கப்தானே சிஸ்டர் கொடுக்கிறேன்?" என்றார். அந்தக் கப்பின் உட்புறம் பிளாஸ்டிக் பூசியது. தடைப் பட்டியலில் அதுவும் உண்டு. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் சோதித்தபோது, அப்படிப்பட்ட கப்பில் 100 மில்லி சூடான நீர் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்துகள்கள் அதில் கலப்பதைக் கண்டார்கள். இதைச் சொன்னதும் மண்டபமே அமைதியாகிவிட்டது. பலர் துணிப்பை என்று நினைத்துப் பெருமையோடு கொண்டுவந்த பைகளையும் பார்த்தோம். ஓரத்தை இழுத்தால் நூல் பிரிய வேண்டும். பிரியவில்லை. அது துணிபோல் தோன்றும் பாலிபுரோப்பிலீன், அதற்கும் தடைதான்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு வயதான தாயார் எழுந்தார். "அம்மா, போன வாரம் உங்க ஆஸ்பத்திரியிலே மாத்திரையை எதிலே போட்டுக் கொடுத்தீங்க?" என்று கேட்டுத் தம் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டினார்.

ஊசிக்குழல், குளுக்கோஸ் பாட்டில், கையுறை இவற்றைப் பற்றிக் கேட்டிருந்தால் எங்களிடம் பதில் இருந்தது. தொற்றுக்கு அஞ்சிப் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துகிறோம். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி சிவப்புப் பையில் தனியே சேர்த்து அனுப்புகிறோம். மாத்திரைக் கவருக்குப் பதில் இல்லை. மலிவு, கைக்கு எளிது, அவ்வளவுதான். அந்தக் கூட்டத்திலேயே தவறு எங்களுடையது என்று ஒப்புக்கொண்டோம். இப்போது எங்கள் மருந்தகத்தில் காகிதக் கவர். உள்நோயாளிகளுக்கு வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவரச் சொல்லுகிறோம். இல்லாதவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர் தருகிறோம். அதில் எத்தனையோ திரும்பி வருவதில்லை, அது வேறு கதை.

அந்தப் பட்டறைக்குப் பின் மூன்று டீக்கடைகள் கண்ணாடி டம்ளருக்குத் திரும்பின. அவற்றில் ஒன்று கழுவ ஆள் கிடைக்காமல் மறுபடி கப்புக்கே போய்விட்டது. உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. தையல் தெரிந்த சில பெண்கள் பழைய சேலையில் பை தைத்துக் கொடுக்கிறார்கள். கவரின் விலையோடு ஒப்பிட்டால் பை விலை அதிகம். துணி இலவசமாகக் கிடைத்தால் மட்டுமே கட்டுப்படியாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சபைகளில் அன்பின் விருந்து முடிந்த பின் மேஜைமேல் விரித்த பிளாஸ்டிக் தாளையும் தண்ணீர் பாக்கெட்டையும் நாமும் பார்க்கிறோம். அவை இரண்டுமே அந்த 14-இல் உள்ளவை. வாழை இலையும் பாக்கு மட்டைத் தட்டும் இந்தப் பகுதியில் கிடைக்காதவை அல்ல.

அடுத்த பட்டறையை மழைக்கு முன்னரே வைக்க விரும்புகிறோம். இம்முறை காணிக்கையோடு உங்கள் வீட்டுப் பழைய பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் துவைத்து மடித்து அனுப்புங்கள். பாலியஸ்டர் சேலை மட்டும் வேண்டாம், அதுவும் பிளாஸ்டிக்தான்.