எந்த வயதில், எதனால் சாகிறோம்?

(புக்கிட் பாத்தோக் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



சாவுக் கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அபசகுனம் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பேர்ப்பதிவு, பால் எடை, சம்பளப் பட்டியல் என்று கணக்கோடே பிழைக்கும் கிராணிகள் நாங்கள். கணக்கு என்றால் அதை எழுதியவன் யார், யாருக்காக எழுதினான் என்று பார்ப்பது எங்கள் வழக்கம்.

இங்கிலாந்தில் விக்டோரியா ராணி ஆட்சியில், 1842-ஆம் ஆண்டில், எட்வின் சாட்விக் என்பவர் தொழிலாளர் சுகாதாரம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அவர் நம்மவர் அல்லர். ஏழைகளின் உதவிப்பணத்தில் கை வைத்த 1834-ஆம் ஆண்டுச் சட்டத்தை வகுத்தவர்களில் ஒருவர். அவர் எழுதிய கணக்கைக் கேளுங்கள். கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன் என்னும் பகுதியில் இறந்தவர்களின் சராசரி வயது, சீமான் குடும்பங்களில் 45, வியாபாரிகளிடையே 26, தொழிலாளர் குடும்பங்களில் 16! லிவர்பூலில் 35, 22, 15.

பதினாறு வயதில் எல்லாரும் செத்தார்கள் என்பதல்ல இதன் பொருள். ஒரு லயத்தில் நாலு சாவு என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 60, ஒருவருக்கு 58, இரண்டு குழந்தைகளுக்கு ஒவ்வொரு வயது. கூட்டினால் 120, நாலால் வகுத்தால் 30. முப்பதில் யாருமே சாகவில்லை! பச்சைக் குழந்தைகளின் சாவுதான் சராசரியை இழுத்துத் தள்ளுகிறது. அம்மை, கக்குவான், செங்காய்ச்சல், வயிற்றுக்கழிச்சல் ஆகியவை பிள்ளைகளைத் தின்றன. தப்பிப் பிழைத்தவர்களை வாலிபத்தில் எலும்புருக்கி வாங்கியது.

இன்னொரு விஷயம். ரட்லண்ட் என்ற நாட்டுப்புறத்தில் கூலியாட்களின் சராசரி 38. மாஞ்செஸ்டர் நகரத்துச் சீமான்களுக்கும் அதே 38தான். நாட்டுப்புறத்தில் கூலி குறைவு. ஆனால் காற்று உண்டு, நெரிசல் இல்லை. ஆகவே சாக்கடையும் அழுக்குந்தான் காரணம், பட்டினி அல்ல என்று சாட்விக் சாதித்தார். பாதி உண்மை. மரணப் பதிவு அலுவலகத்தில் இருந்த வில்லியம் ஃபார் சில சாவுகளுக்குப் "பட்டினி" என்றே காரணம் எழுதியபோது, சாட்விக் அதை ஆட்சேபித்தார். பட்டினி என்று எழுதினால் கூலியைப் பற்றிக் கேள்வி வருமல்லவா?

நம் நாட்டுக்கு வருவோம். 1906-இல் டாக்டர் சிம்ப்சன் சிங்கப்பூருக்கு வந்து ஆராய்ந்தார். 1907-இல் அறிக்கை வெளிவந்தது. நீண்ட கடைவீடுகளைத் தட்டி வைத்துத் தடுத்து, ஜன்னலில்லாத அறைகளில் ஆட்களை அடைத்திருந்ததைக் கண்டு, பின்பக்கச் சந்துகள் வெட்டி வெளிச்சமும் காற்றும் விடச் சொன்னார். 1910 வாக்கில் சிங்கப்பூர் நகரத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் முந்நூறுக்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்தன. இன்று ஆயிரத்துக்கு ஏறக்குறைய இரண்டு. குழந்தைகளின் உடம்பு மாறவில்லை. வீடும் தண்ணீரும் வைத்தியமும் மாறின.

பெரிபெரி நோயின் கதை தமிழருக்குத் தெரிய வேண்டியது. நெகிரி செம்பிலானில் டாக்டர் பிராடன், பச்சரிசிச் சோறு உண்ட சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கிச் சாவதையும், புழுங்கலரிசி உண்ட தமிழர்கள் தப்புவதையும் கவனித்தார். பிறகு ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு டாக்டர்கள் ஜெலுபுவில் சாலை போட்ட தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்து அதை மெய்ப்பித்தார்கள். நம் பாட்டிமார் நெல்லை அவித்தது வீணாகவில்லை! ஆனால் மலேரியாவிலிருந்து அந்தப் புழுங்கல் சோறு எவரையும் காக்கவில்லை. தோட்டங்களில் நம்மவரை அதிகம் வாரிக்கொண்டது அதுதான்.

இந்த ஊரின் பெயருக்கே ஒரு கதை உண்டு. பாத்தோக் என்றால் மலாயில் இருமல். கல்மலையில் வெடி வைத்தபோது குன்று இருமியது போலிருந்ததாம். தென்னையால் வந்த பெயர் என்பாரும் உளர். எதுவாயினும், கல்தூசி நெஞ்சில் இறங்கினால் நுரையீரல் தழும்பேறும்; அதோடு எலும்புருக்கியும் எளிதில் பற்றும். அப்படி இறந்தவருக்கு "நெஞ்சுநோய்" என்று மட்டும் எழுதினால், கல் உடைத்த வேலை கணக்கில் வராமலே போய்விடும்.

ஆகவே ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டு வைக்கச் சொல்கிறோம். இறந்தவரின் வயது, பார்த்த வேலை, எத்தனை வருஷம் பார்த்தார், சான்றிதழில் உள்ள காரணம் என நாலு பத்தி போதும். "காய்ச்சல்" என்று மட்டும் இருந்தால், என்ன காய்ச்சல் என்று கேட்டு எழுதுங்கள். குழந்தைச் சாவையும் விடாதீர்கள். நோட்டுச் செலவைக் கிளை பார்த்துக்கொள்ளட்டும். எழுதிக் கூட்டும் வேலையைக் கிராணிகள் நாங்கள் ஏற்கிறோம்.