ஷில்லாங்கில் கேட்ட ஸ்கார்ப்பியன்ஸ்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வேலைவாய்ப்பு பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்குத் தகுதியானவர்கள் மேடையிலேயே இருக்கிறார்கள். நான் ஒரு கச்சேரியைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

விடுதியில் என் ரூம்மேட் மேகாலயாக்காரன். ஊர் ஷில்லாங், காஸி இனம். வந்த முதல் வாரமே அவனுக்கு 'சைனா' என்று பெயர் வைத்துவிட்டோம். மெஸ், கிரவுண்டு, லேப் எல்லா இடத்திலும் அதுதான். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவான். அவனுக்கும் அது பிடித்திருக்கிறது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

2007-ல் மூன்றாம் ஆண்டு. ஒருநாள் ராத்திரி, "மச்சான், டிசம்பர்ல எங்க ஊருக்கு ஸ்கார்ப்பியன்ஸ் வர்றாங்க. நீயும் வர்றியா?" என்றான். நான் சிரித்தேன். "ஏன்டா, அவ்ளோ பெரிய குழு உங்க ஊருக்கா?"

ஸ்கார்ப்பியன்ஸ் சாதாரணக் குழு இல்லை. 1965-ல் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் ருடால்ஃப் ஷெங்கர் என்ற கிடார் கலைஞர் தொடங்கியது. பாடகர் கிளாஸ் மைனே. 1980-களின் தொடக்கத்தில் அவருக்குக் குரலே போய்விட்டது. தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மறுபடி பாடிப் பழகி, 1982-ல் 'பிளாக்அவுட்' ஆல்பத்தைக் கொடுத்தவர். 1989-ல் மாஸ்கோ லெனின் ஸ்டேடியத்தில் பாடிய அனுபவத்தில் அவர் எழுதியதுதான் 'விண்ட் ஆஃப் சேஞ்ச்'. ஷில்லாங்கோ, நகராட்சிக்குள் 2001 கணக்குப்படி 1.3 லட்சம் பேரே இருந்த மலை ஊர்.

செமஸ்டர் முடிந்ததும் கிளம்பினோம். கௌஹாத்திக்கு மூன்று ராத்திரி ரயில். அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் சுமோவில் மலையேற்றம். வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் அம்மா கையில் வைத்தது வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு. 'குவாய்' என்கிறார்கள். விருந்தாளிக்கு முதலில் அதுதான். எங்கள் பாட்டி வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. அவன் பெயரோடு வருவது அம்மாவின் குலப் பெயர் என்பதும், வீடு கடைசி மகளுக்குப் போகும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டரை வருஷம் ஒரே அறையில் இருந்தும் நான் கேட்டதே இல்லை.

கச்சேரிக்கு ஊரே திரண்டிருந்தது. காஸிச் சால்வை போர்த்திய பாட்டிகள், தோளில் குழந்தையோடு அப்பாக்கள், டாக்ஸி டிரைவர்கள். அது அப்படிப்பட்ட ஊர். லூ மஜாவ் என்ற பாடகர் 1972 முதல் பாப் டிலனின் பிறந்தநாளைக் கச்சேரி வைத்துக் கொண்டாடி வந்த ஊர் அது.

நாங்கள் மேடையிலிருந்து 100 மீட்டராவது தள்ளி நின்றோம். டிரம்மர் ஜேம்ஸ் கோட்டக்கின் கை இறங்குவது முதலில் தெரியும், சத்தம் கால் நொடி கழித்து வந்து நெஞ்சில் இடிக்கும். பிசிக்ஸ் வகுப்பில் தூங்கியவனுக்கு ஒலியின் வேகம் அங்கேதான் விளங்கியது. மைனேக்கு அப்போது 59 வயது. அந்தக் குளிரிலும் குரல் உடையவில்லை. அவர் விசிலடித்து 'விண்ட் ஆஃப் சேஞ்ச்' ஆரம்பித்ததும், பக்கத்தில் நின்ற நண்பனின் அம்மா உட்பட மைதானமே சேர்ந்து பாடியது. வரி தெரியாமல் நின்றவன் நான் ஒருவன்தான்.

முன்னால் நின்ற ஒருவர் திரும்பி, என்னைக் காட்டி அவனிடம் ஏதோ கேட்டார். "மதராஸி" என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. அவன் என் முழுப் பெயரை, ழகரம் பிசகாமல் சொல்லி, "மை பிரதர்" என்றான். அந்த ழகரத்தை அவன் எப்போது பழகினான் என்று எனக்குத் தெரியாது. நான் அவன் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை என்பது மட்டும் தெரிந்தது. அதற்கப்புறம் என்ன பாட்டு வந்தது என்று இன்றைக்கும் நினைவில்லை.

ஊர் திரும்பியதும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தேன். மற்றவர்களை நான் தடுத்தேனா? இல்லை. அந்தத் தைரியம் வரவில்லை.

2012 ஆகஸ்டில், வடகிழக்கு மக்களைத் தாக்கப் போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ். வதந்தி பரவியது. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் கிளம்பிவிட்டார்கள். ஒரு நாளைக்கு 5 எஸ்.எம்.எஸ்.தான் என்று அரசு கட்டுப்பாடே போட்டது. சென்னையில் வேலையிலிருந்த என் நண்பன் சென்ட்ரலிலிருந்து போன் செய்தான். ஓடினேன். "எங்க வீட்ல வந்து இருடா, யார் என்ன செய்வாங்க?" என்றேன். "உன்னை எனக்குத் தெரியும் மச்சான். அம்மாவுக்கு உன்னை மட்டும்தானே தெரியும்" என்றான். வண்டி நகர்ந்துவிட்டது. அவன் திரும்ப வரவில்லை.

இன்றைய அழைப்பிதழை அவனுக்கும் அனுப்பினேன். வர முடியவில்லை. ஸ்கார்ப்பியன்ஸ் 2010-ல் விடைபெறுகிறோம் என்று அறிவித்துவிட்டு, 2025-ல் ஹனோவரில் 60-ஆம் ஆண்டைக் கொண்டாடினார்கள். "அவங்களே திரும்பி வந்துட்டாங்க, நானும் ஒருநாள் வருவேன்" என்று பதில் போட்டிருக்கிறான்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்கள் விடுதியிலும் தூரத்து ஊர்ப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் பெயரை இன்றைக்கே சரியாகச் சொல்லப் பழகுங்கள். ஊருக்குக் கூப்பிட்டால் போய் வாருங்கள். காஸி மொழியில் வணக்கத்துக்கும் நன்றிக்கும் ஒரே சொல்தான். அதைச் சொல்லியே முடிக்கிறேன்.

குப்லேய்.