படம் பார்க்கும் தொழிலாளி கேட்க வேண்டிய கேள்வி

(மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் சினிமா விமர்சகர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சினிமாவைப் பற்றிப் பேச ஒருவன் வந்திருக்கிறான் என்றதும், எந்த நடிகரின் படம் எத்தனை கோடி வசூல் என்று சொல்லப் போகிறான் என்று உங்களில் சிலர் எதிர்பார்ப்பீர்கள். வேறு சிலர், "பகல் முழுதும் டிரம்மோடும் சுண்ணாம்புத் தண்ணீரோடும் மாரடித்துவிட்டு வந்தவர்களுக்குச் சினிமா ஆராய்ச்சி எதற்கு?" என்று நினைப்பீர்கள். இந்த இரண்டாவது கேள்வி நியாயமான கேள்வி. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

உழைத்துக் களைத்த மனிதன் இரண்டரை மணி நேரம் சிரிக்கவும் அழவும் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. சினிமா பார்க்காதே என்று உபதேசம் செய்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல நான். ஆனால் டிக்கெட்டுக்குக் கொடுக்கிற காசு உங்கள் கூலியிலிருந்து போகிறது. கடையில் ஒரு ஜோடி செருப்பு வாங்கினால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தோலை வளைத்துப் பார்க்கிறீர்கள். தையலை இழுத்துப் பார்க்கிறீர்கள். பளபளப்பைக் கண்டு நீங்கள் ஏமாறுவதில்லை. ஏனென்றால் அந்தப் பளபளப்பு எப்படி ஏற்றப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதே கண்ணால் படத்தையும் பார்க்க வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம்.

எதைப் பார்ப்பது? எந்தப் படமானாலும் அதில் ஒரு கஷ்டம் வருகிறது. அந்தக் கஷ்டம் எங்கிருந்து வந்தது, அதைத் தீர்க்கும் சக்தி யார் கையில் இருப்பதாகப் படம் சொல்கிறது? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சில படங்களை உரசிப் பார்ப்போம்.

அன்று ஓடாத படம்

1960ஆம் ஆண்டில் 'பாதை தெரியுது பார்' என்று ஒரு படம் வந்தது. பெரிய முதலாளி எவரும் அதை எடுக்கவில்லை. இடதுசாரி நண்பர்கள் பங்கு சேர்த்து எடுத்தார்கள். டைரக்டர் நிமாய் கோஷ், வங்காளி. தேசப் பிரிவினையில் வேரறுந்து கல்கத்தாவுக்கு ஓடி வந்த கிழக்கு வங்கக் குடியானவர்களைப் பற்றி 1950இல் 'சின்னமூல்' என்ற படத்தை எடுத்தவர். சோவியத் டைரக்டர் புடோவ்கின் அதைப் பார்த்து மெச்சினார். ருஷ்யாவிலும் அது திரையிடப்பட்டது. அப்படிப்பட்டவர் சென்னைக்கு வந்து தமிழ்த் தொழிலாளியைப் பற்றிப் படம் எடுத்தார். எம்.பி. சீனிவாசன் இசையமைத்தார். ஜெயகாந்தனும் கே.சி.எஸ். அருணாசலமும் பாட்டு எழுதினார்கள்.

படம் ஓடவில்லை. பாட்டுகள் இன்றைக்கும் நிற்கின்றன. வசூலில் தோற்ற அந்த மனிதர்கள் வேறொரு காரியத்தில் ஜெயித்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. நிமாய் கோஷும் எம்.பி. சீனிவாசனும் சினிமாத் தொழிலாளர்களுக்கும் வாத்தியக் கலைஞர்களுக்கும் சங்கம் கட்டுவதில் முன்னின்றார்கள். திரையில் சங்கத்தைக் காட்டியவர்கள் ஸ்டூடியோவிலும் சங்கத்தைக் கட்டினார்கள். இதைவிடப் பொருத்தமான விமர்சனம் அந்தப் படத்துக்குக் கிடையாது.

1965இல் ஜெயகாந்தன் 'உன்னைப்போல் ஒருவன்' எடுத்தார். சேரி மக்களின் கதை. தேசிய விருதுப் பட்டியலில் இடம் பிடித்தது. கொட்டகைகளில் இடம் பிடிக்கவில்லை. நல்ல படத்துக்கு ஜனங்கள் வருவதில்லை என்று இன்றைக்கும் சில மேதாவிகள் பழி சொல்கிறார்கள். படம் ஜனங்களிடம் வந்து சேர்ந்தால் அல்லவா ஜனங்கள் படத்துக்குப் போக முடியும்? எந்தக் கொட்டகையில், எத்தனை காட்சி, எத்தனை நாள் என்பதைத் தீர்மானிப்பது பார்ப்பவனா, விநியோகஸ்தனா? மாட்டுச் சந்தையில் விலையை நிர்ணயிப்பது மாடு அல்ல!

பிறகு எழுந்த படங்கள்

வெளிவந்தபோது விழுந்து, பின்னால் எழுந்து, ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற படங்கள் சில உண்டு. அவற்றில் முதலாவதாக நான் சொல்வது 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்'. சுந்தர் சி. டைரக்ட் செய்தார், கமல்ஹாசன் கதையும் திரைக்கதையும் எழுதி நடித்தார், மதன் வசனம். கொட்டகையில் தோற்றது. டெலிவிஷனில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஒரு தலைமுறை அதை மனப்பாடம் செய்துவிட்டது.

அந்தப் படத்தில் நல்லசிவம் ஒரு கம்யூனிஸ்டு. கூலி உயர்வு கொடுக்காத முதலாளியைத் தெரு நாடகத்தில் கிழிக்கிறான். அதைப் பார்த்தபோது எனக்கு சப்தர் ஹாஷ்மியின் நினைவு வந்தது. 1989 ஜனவரி முதல் தேதி, டில்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத்தில் தொழிலாளர்களுக்காகத் தெரு நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோது குண்டர்களால் தாக்கப்பட்டு, மறுநாள் உயிர்விட்ட கலைஞன் அவன். தெரு நாடகம் என்றால் என்ன என்று லட்சக்கணக்கான தமிழ் வீடுகளுக்குக் காட்டியதற்காக அன்பே சிவத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். கம்யூனிஸ்டைக் கோமாளியாகவோ கொலைகாரனாகவோ காட்டாமல், வலியைத் தாங்கிக்கொண்டு சிரிக்கிற மனிதனாகக் காட்டியதற்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் நம் கேள்வியைக் கேட்போம். கூலி உயர்வு எப்படிக் கிடைத்தது? முதலாளி வீட்டுக் கல்யாணத்தன்று நல்லசிவம் தன் காதலை விட்டுக்கொடுக்கிறான். அதற்கு ஈடாகத் தொழிலாளருக்கான உயர்வுப் பத்திரத்தில் முதலாளியிடம் கையெழுத்து வாங்குகிறான். கண்ணில் நீர் வரவழைக்கிற காட்சிதான், சந்தேகமில்லை. ஆனால் அத்தனை தொழிலாளர்களும் எங்கே? மூடிய அறையில் தனி ஒருவன் தன் வாழ்க்கையைக் கொடுத்து வாங்கித் தந்த உயர்வு அது. வேலைநிறுத்தம் செய்து, அடுப்பெரியாமல் கிடந்து, கேட் வாசலில் வெயிலில் நின்று கூலி உயர்வு வாங்கியவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். தியாகி ஒருவனுடைய கண்ணீரால் கிடைத்ததா அது? நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது, 2011இல் வந்த 'ஆரண்ய காண்டம்'. தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம். வசூலில் தோற்று, தேசிய விருதுகள் பெற்று, இன்று சினிமா படிக்கிற பிள்ளைகளுக்கு வேதம்போல் ஆகிவிட்டது. ரவுடிக் கும்பல்களின் ஒரு நாள் கதை. பட்டினியில் கிடக்கிற ஓர் அப்பனும் மகனும் போதைச் சரக்குப் பை ஒன்றில் மாட்டிக்கொள்கிறார்கள். பெரிய கை, சின்னக் கை எல்லாம் ஒன்றையொன்று தின்று தீர்க்கின்றன. எல்லோரும் பொருளாக நடத்திய சுப்பு என்ற பெண்தான் கடைசியில் தன் புத்தியால் தப்பிக்கிறாள். கத்தி எடுத்தவனைக் கதாநாயகனாக்காத துணிவு அந்தப் படத்துக்கு இருக்கிறது. அதனால்தான் அதை நான் மதிக்கிறேன். அதில் குறை என்னவென்றால், அது காட்டுகிற உலகத்தில் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவனே இல்லை. உலகம் முழுவதும் காடு என்று சொல்லிவிட்டால், காட்டைத் திருத்திக் கழனியாக்கிய கைகளை யார் காட்டுவது?

இன்றைய பெரிய படங்கள்

2022இல் 'விக்ரம்', 2023இல் 'ஜெயிலர்' என்று வசூல் மழை கொட்டிய படங்கள் வந்தன. துப்பாக்கியும் தலை வெட்டும் தாராளம். 2025 ஆகஸ்டில் ரஜினிகாந்த் நடித்த 'கூலி' வந்தது. பெயரைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு ஆவல். நாயகன் பழைய துறைமுகத் தொழிலாளிதான்; பித்தளை வில்லையும் உண்டுதான். ஆனால் படத்தின் பெரும்பகுதி கடத்தலுக்கும் பழிவாங்கலுக்கும் போய்விட்டது. கூலி என்ற பெயரில் படம் எடுத்துவிட்டுக் கூலியைப் பற்றிப் பேசாமல் இருக்க இவர்களால் முடிகிறது!

அதே ரஜினிகாந்தை வைத்து 2018இல் பா. ரஞ்சித் எடுத்த 'காலா'வை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாராவி மக்கள் வேலையை நிறுத்துகிறார்கள். பம்பாய் நகரம் ஸ்தம்பிக்கிறது. பெரிய நட்சத்திரத்தின் படத்திலும், ஜனங்களின் கை நின்றால் நகரம் நிற்கும் என்று காட்ட முடிந்திருக்கிறது. ஆகவே நட்சத்திரம் மட்டும் குற்றவாளி அல்ல. கதையை யார் பக்கத்தில் நின்று சொல்கிறார்கள் என்பதே விஷயம்.

2021இல் த.செ. ஞானவேல் எடுத்த 'ஜெய் பீம்' 1993இல் நடந்த ஒரு லாக்கப் மரணத்தைப் பற்றியது. வக்கீல் சந்துருவாக சூர்யா நடித்தார். கோர்ட்டுக் காட்சிகளில் வக்கீலே மலைபோல் நிற்கிறார் என்பது உண்மை. இருந்தாலும் அந்தப் படத்தின் உயிர் அங்கே இல்லை. புருஷனைப் பறிகொடுத்த கர்ப்பிணி செங்கேணி, போலீஸ் மேலதிகாரி நீட்டுகிற பணத்தை வேண்டாம் என்கிறாளே, அங்கேதான் இருக்கிறது. அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாதவள் நியாயத்துக்கு விலை பேச மறுக்கிறாள். அந்தக் காட்சியில் வக்கீலைவிட அவளே பெரியவள்.

மலையும் வாழையும்

கணக்கைச் சரியாகப் போட்ட இரண்டு படங்களைச் சொல்கிறேன். விவசாயத் தொழிலாளர்கள் இவற்றை அவசியம் பார்க்க வேண்டும்.

ஒன்று, 2018இல் லெனின் பாரதி எடுத்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. ஏலக்காய் மூட்டை சுமக்கிற ரங்கசாமிக்கு ஒரே ஆசை, சொந்தமாகத் துண்டு நிலம். சண்டை இல்லை, வில்லன் கத்துவதில்லை. ஒரு மூட்டை பள்ளத்தில் உருண்டு சிதறுகிறது. அத்தோடு ஒரு வருஷக் கனவும் சிதறுகிறது. எப்படியோ நிலம் வாங்குகிறான். உரக் கடன், விதைக் கடன் என்று அது கை நழுவுகிறது. கடைசியில் தன் நிலத்திலேயே நட்ட காற்றாலைக்குக் காவல்காரனாக உட்காருகிறான். நிலம் எப்படிக் கைமாறுகிறது என்று நூறு கூட்டத்தில் பேசுகிறோம். அந்தப் படம் ஒரே காட்சியில் புரிய வைத்துவிட்டது.

மற்றொன்று, 2024இல் மாரி செல்வராஜ் எடுத்த 'வாழை'. தூத்துக்குடிச் சீமையில் வாழைத்தார் சுமக்கிறவர்கள் தாருக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். சரி என்கிறான் வியாபாரி. கொடுத்ததை எங்கே பிடிக்கிறான்? ஆட்களை ஏற்றிப் போகத் தனி வண்டி விடாமல், தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்காரச் சொல்கிறான். லாரி கவிழ்கிறது. உயிர்கள் போகின்றன. விதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அந்தப் படம் இடம் கொடுக்கவில்லை. ஒரு ரூபாய் மிச்சம் பிடித்ததற்கும் அத்தனை சாவுக்கும் உள்ள சம்பந்தத்தை, பசித்த ஒரு சிறுவனின் கண்ணால் காட்டுகிறது. தினமும் வேனிலும் லாரியிலும் அடைத்து ஏற்றப்படுகிற பெண்கள் இங்கே இருக்கிறீர்கள். இது உங்கள் கதை.

பாலாறு எங்கே?

இனி நம் ஊருக்கு வருவோம். 1982இல் ஹரிஹரன் எடுத்த 'ஏழாவது மனிதன்' என்று ஒரு படம். ரகுவரனுக்கு அதுதான் முதல் படம், பாட்டெல்லாம் பாரதியாருடையவை. சிமெண்ட் ஆலை ஒன்று ஊரின் காற்றைக் கெடுக்கிறது. ஊர் எதிர்த்து நிற்கிறது. நாற்பது வருஷத்துக்கு முன்பே அப்படி ஒரு படம் தமிழில் வந்துவிட்டது. ஆனால் பாலாற்றைப் பற்றி, தோல் தொழிலாளியைப் பற்றி? திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்கள் சங்கம் கட்டிய வரலாற்றை டி. செல்வராஜ் 'தோல்' என்று நாவலாக எழுதினார். 2012இல் சாகித்ய அகாடமி பரிசும் பெற்றது. நாவலுக்கு வந்த கதை சினிமாவுக்கு வந்து சேரவில்லை.

கதையா இல்லை இங்கே? தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்தது பற்றி 1996இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 2025இலும் அதே ஆற்றுக்காக மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. 2015 ஜனவரி 31ஆம் தேதி இரவில், ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அன்று வங்காளத்திலிருந்து ஒரு கலைஞர் வந்து நம் தொழிலாளியைத் திரையில் ஏற்றினார். நம் மண்ணில் சேற்றில் புதைந்த வங்காளத் தொழிலாளியைத் திரையில் ஏற்றிய தமிழ்ப் படம் எதையும் நான் பார்த்ததில்லை.

தோழர்களே! இந்தக் குறையை விமர்சகன் எழுதித் தீர்க்க முடியாது. ஆனால் நீங்கள் செய்யக்கூடியது உண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கட்டிடத்தின் சுவரில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள். இன்று நான் சொன்ன படங்களில் ஒன்றைப் போடுங்கள். பீடி சுற்றுகிற பெண்களையும் வங்காளி, ஒரியா, பீகாரித் தோழர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வசனம் புரியாதவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் சொல்லட்டும். படம் முடிந்ததும் எழுந்து போகாமல் அரைமணி நேரம் பேசுங்கள். சார்லி சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' 1936இல் வந்தது. அதற்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். மெஷினோடு மல்லுக்கட்டுகிற அந்தச் சின்ன மனிதனை எந்த ஊர்த் தொழிலாளிக்கும் தெரியும்.

உங்கள் பிள்ளைகள் கையில் இன்று காமிரா உள்ள செல்போன் இருக்கிறது. ராணிப்பேட்டைச் சேற்றிலிருந்து தப்பியவர்களும், பாலாற்றில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் குடித்த பெரியவர்களும் இருக்கும்போதே, அவர்கள் சொல்வதைப் பதிந்து வையுங்கள். படம் எடுக்க ஒருவன் வரும்போது கதை அழிந்து போயிருக்கக் கூடாது.