ஒரே ஊர், இரண்டு சித்திரங்கள்

வேதியியல் கூடத்தில் ஒரு பொருளை நிறுக்க முற்படும் மாணவன், முதலில் தராசைச் சரிபார்க்கிறான். தட்டுகள் சமமாக நிற்கின்றனவா, முள் நடுவில் நிலைக்கிறதா என்று நோக்குகிறான். கோணல் இருந்தால் அதன் அளவைக் குறித்துக்கொண்டு, கிடைத்த எடையில் அதைக் கூட்டியோ கழித்தோ விடுகிறான். சமூகத்தை ஆராய்வோருக்கு இந்த வசதி இல்லை. அங்கே தராசும் மனிதர். தட்டில் ஏறும் பொருளும் மனிதர். கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் இயல்பு அந்தப் பொருளுக்கு உண்டு.

பொய்க் கணக்கு எழுதுவோரைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. அவர்களைப் பிடிப்பதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. நேர்மையும் கல்வியும் நிறைந்த ஆராய்ச்சியாளருடைய மனச்சாய்வு, அவர் அறியாமலே ஆராய்ச்சிக்குள் எப்படிப் புகுகிறது என்பதே என் விஷயம்.

1914-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் வீடு வாசலற்ற ஏழைகள் சுமார் 2,000 பேரைப் பேட்டி கண்டு, அவர்கள் இந்த நிலைக்கு வந்த காரணத்தை அறிய முயன்றார்கள். பேட்டி கண்டவர்கள் பன்னிருவர். எந்த ஏழை யாரிடம் போவது என்பது பெரும்பாலும் தற்செயலாகவே அமைந்தது. ஆகவே, பன்னிருவருடைய குறிப்புகளும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும் அல்லவா? ஒத்திருக்கவில்லை. அவர்களுள் ஒருவர் மதுவிலக்கில் தீவிரப் பற்றுடையவர். தாம் கண்டவர்களில் நூற்றுக்கு 62 பேருக்குக் குடியே முதற்காரணம் என்று அவர் எழுதியிருந்தார். மற்றொருவர் சமதர்மக் கொள்கையினர். அவருடைய ஏட்டில் குடிக்கு 22 பேர்தான். வேலையின்மை முதலிய தொழில் துறைக் காரணங்களுக்கு 39 பேர். மதுவிலக்கு அன்பரின் ஏட்டிலோ தொழில் துறைக் காரணத்துக்கு 7 பேரே கிடைத்திருந்தனர். ஸ்டூவர்ட் ரைஸ் என்னும் அமெரிக்கச் சமூகவியலார் இந்த வேறுபாட்டை 1929-ல் ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டார்.

இதுவரை வியப்பு ஒன்றுமில்லை என்று நீங்கள் எண்ணலாம். அவரவர் கருத்தை அவரவர் எழுதினார்கள், அவ்வளவே. ஆனால், அந்த ஏழைகள் தங்கள் வாயால் சொன்ன காரணமும் தனியே குறிக்கப்பட்டிருந்தது. அதுவும் மாறியிருந்தது! மதுவிலக்கு அன்பரிடம் பேசியவர்களில் 34 சதவிகிதத்தினர் குடியே தங்களைக் கெடுத்தது என்றார்கள். சமதர்மவாதியிடம் பேசியவர்களில் அவ்வாறு சொன்னவர்கள் 11 சதவிகிதத்தினரே. தொற்றுநோய் பரவுவது போல, கேட்டவரின் எண்ணம் சொன்னவரின் நாவுக்கு ஏறிவிட்டது. குரலிலே ஒரு சிறு ஏற்றம், தலையிலே ஓர் அசைவு, ஒரு பதிலைக் கேட்டதும் சற்று விரைந்து எழுதும் பேனா இவை போதும். பசித்தவனுக்கு எதிரில் இருப்பவரின் விருப்பத்தை அறியும் கூர்மை மிகுதி.

இது வெறும் ஏட்டுச் சச்சரவு அன்று. குடிதான் காரணம் என்றால் அரசினர் மதுக்கடையை மூடுவார்கள். வேலையின்மை காரணம் என்றால் வேலைக்கு வழி தேடுவார்கள். ஓர் ஏழைக்குக் கிடைப்பது கூலியா, புத்திமதியா என்பதை, அவனிடம் கேள்வி கேட்டவரின் கொள்கை தீர்மானித்துவிடக் கூடும்.

நிறையப் பேரைக் கேட்டால் இந்தக் குறை நீங்கிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். 1936-ல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை, ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்பு ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. லாண்டனுக்கு 57 சதவிகித வாக்குகள் கிடைக்கும் என்று அப்பத்திரிகை அறிவித்தது. தேர்தலில் ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவிகித வாக்குகள் பெற்று, 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றினார். சீட்டு அனுப்பிய விலாசங்களில் பெரும்பகுதி டெலிபோன் புத்தகத்திலிருந்தும் மோட்டார் கார்ப் பதிவேட்டிலிருந்தும் எடுக்கப்பட்டவை. அந்த மந்த காலத்தில் டெலிபோனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? போதாக்குறைக்கு, ரூஸ்வெல்டை வெறுத்தவர்களே ஊக்கத்துடன் சீட்டைத் திருப்பி அனுப்பினார்கள். கோணலான தராசில் இருபது லட்சம் முறை நிறுத்தாலும் கோணல் கோணல்தான்.

அப்படியானால் வினாத்தாளை மடித்து வைத்துவிட்டு, ஊருக்குள்ளே சென்று தங்கி, ஜனங்களோடு பழகி, கண்ணால் கண்டதை எழுதினால் என்ன? மானிடவியலார் அதைத்தான் செய்கிறார்கள். அங்கேயும் நிகழ்ந்த ஒரு கதையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

மெக்ஸிகோ நாட்டில், தலைநகருக்குத் தெற்கே, மொரேலோஸ் மாநிலத்தில் டெபோஸ்ட்லான் என்று ஓர் ஊர். செங்குத்தான பாறை மலைகளின் அடியில் அமைந்தது. ஊருக்குள் ஏழு பேட்டைகள். ஒவ்வொரு பேட்டைக்கும் தனி மாதா கோயில் போன்ற சிறு ஆலயம், தனிக் காவல் புனிதர், தனித் திருவிழா. சிகாகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ரெட்ஃபீல்டு 1926-ல் அவ்வூருக்குச் சென்று, அடுத்த ஆண்டு வரை ஆராய்ந்து, 1930-ல் நூல் வெளியிட்டார். திருவிழாக்களும் நாட்டுப் பாடல்களும் சடங்குகளும் அந்நூலில் மணக்கின்றன. ஊர் ஒருமைப்பட்டு நிற்கிறது. பழைய மரபு அதை இணக்கமாக இயக்குகிறது. படித்தவர்களுக்கு, அங்கே போய்க் குடியேறிவிடலாமா என்ற ஆசை எழும்.

1943-ல் ஆஸ்கார் லூயிஸ் என்னும் மற்றோர் அமெரிக்கர், மாணவர்களும் உதவியாளர்களும் கொண்ட ஒரு குழுவுடன் அதே ஊருக்குப் போனார். அவருடைய நூல் 1951-ல் வந்தது. அதே மலை, அதே ஏழு பேட்டைகள். ஆனால், ஊர் வேறு! பொறாமை, அச்சம், அயலார் மேல் அவநம்பிக்கை, கூட்டுறவில் நாட்டமின்மை, அரசியல் பிளவு, வன்முறை இவையே முன்னே நிற்கின்றன. லூயிஸ் நிலக் கணக்கைப் பார்த்தார். நிலமுள்ளவர்கள் சமவெளியில் ஏர் பூட்டி உழுகிறார்கள். நிலமற்ற ஏழைகள் பொது மலைச் சரிவில் காட்டை வெட்டி எரித்து, கைக்கருவியால் கொத்தி, பன்மடங்கு உழைத்துச் சோளம் விளைக்கிறார்கள் என்பதை விரித்து எழுதினார். இணக்கமான ஊர் என்று வாசித்த இடத்தில், நிலமுள்ளவனும் நிலமற்றவனும் தோன்றிவிட்டார்கள்.

இடையில் பதினேழு ஆண்டுகள் சென்றன, ஊர் மாறியிருக்கலாம் என்பது ஒரு சமாதானம். ஆனால், ரெட்ஃபீல்டு போவதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் ஜபாட்டாவின் புரட்சிப் போர் அந்த வட்டாரத்தையே சூறையாடியிருந்தது. அமைதி நிலவியதாக எழுதப்பட்ட காலம், உண்மையில் காயம் ஆறாத காலம். லூயிஸ் வேறுபாட்டின் பெரும்பகுதிக்கு நோக்கின் மாறுபாட்டையே காரணமாகக் காட்டினார். சிறு சமூகம் ஒருமைப்பாடு மிக்கது, நகரத்தின் உறவே அதைக் கலைக்கிறது என்ற கொள்கை ரெட்ஃபீல்டின் உள்ளத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. அந்தக் கொள்கைக்குத் திருவிழா வேண்டும்; கோர்ட்டு வழக்கு வேண்டுவதில்லை.

ரெட்ஃபீல்டு சினந்து எழுதவில்லை. 1955-ல் வெளியிட்ட ஒரு நூலில் இதனை அமைதியாக எடுத்துப் பேசினார். தம் புத்தகத்தின் பின்னே, இம்மக்கள் எதில் இன்பம் காண்கிறார்கள் என்ற கேள்வி மறைந்திருந்தது. லூயிஸின் புத்தகத்தின் பின்னே, இவர்கள் எதனால் துன்புறுகிறார்கள் என்ற கேள்வி மறைந்திருந்தது என்பது அவர் கண்ட விளக்கம். ஒரு பேரறிஞர் தம் நூலை வெளியே நின்று பார்த்து இப்படிச் சொல்வது எளிய காரியம் அன்று.

ஆயினும், இதைக் கேட்டதும் ‘இரண்டும் அவரவர் பார்வை, இரண்டும் சரி’ என்று பலர் திருப்தியோடு எழுந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆராய்ச்சியாளருக்கு உண்டு. விடையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. நிலம் உள்ளவர் எத்தனை பேர், வழக்குகள் எத்தனை என்பவை பார்வையைப் பொறுத்தவை அல்ல. போய் எண்ணலாம். எண்ணியவர் லூயிஸ். அதே சமயம் அவரும் சாய்வு அற்றவர் அல்லர். பிற்காலத்தில், 1959 முதல், ஏழைகளுக்கென்று ஒரு ‘வறுமைப் பண்பாடு’ உண்டு என்று அவர் பேசலானார். துன்பத்தையே தேடிய கண், துன்பத்தைத் துன்புறுவோரின் குணமாகவே எழுதிவிட்டது என்று அவர்மீதும் கண்டனம் எழுந்தது. அவ்வூர் மக்கள் மழை நாளில் கூடிச் சிரித்ததையும் யாரேனும் எண்ணத்தானே வேண்டும்?

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. ஆந்த்ரே பெத்தேய் என்னும் சமூகவியலார், 1961-62-ல் டில்லியிலிருந்து தஞ்சை மாவட்டத்துக்கு வந்து ஒரு கிராமத்தில் தங்கினார். அவ்வூருக்கு ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் இட்டு, சாதியும் வர்க்கமும் அதிகாரமும் அங்கே எவ்வாறு மாறிவருகின்றன என்று 1965-ல் நூல் எழுதினார். அவர் குடியிருந்தது அக்கிரகாரத்து வீடு ஒன்றில். அந்தணர் அல்லாத அயலாருக்கு எளிதில் கிடைக்காத இடம் அது. அங்கே இடம் கிடைத்ததும் வேறோர் இடம் அடைபட்டது. ஊரார் அவரை அக்கிரகாரத்தோடு சேர்த்தே பார்த்தார்கள். ஆதிதிராவிடர் தெருவுக்கும் அவருக்கும் இடையே தூரம் விழுந்தது. பெத்தேய் இதை மறைக்கவில்லை. அந்தணர் பற்றித் தமக்குக் கிடைத்த செய்திகள் செழுமையானவை, ஆதிதிராவிடர் பற்றியவை அவ்வளவு தரமானவை அல்ல என்று நூலின் முற்பகுதியிலேயே கூறிவிடுகிறார். அவருடைய முடிவுகளில் எதை எவ்வளவு நம்பலாம் என்று படிப்பவரே நிறுத்துக்கொள்ள இது உதவுகிறது.

கல்லூரி விடுமுறையில் கிராம சர்வேக்குப் போகும் மாணவர்கள் உங்களில் இருப்பீர்கள். அச்சடித்த தாளில் குடும்பத் தலைவர் பெயர், நிலம், வருமானம், கடன் என்று கட்டங்கள் இருக்கும். ஊருக்குள் உங்களை அழைத்துச் சென்றவர் யார், எந்த வீட்டுத் திண்ணையில் முதலில் உட்கார்ந்தீர்கள், நடுப்பகலில் போனபோது வயலுக்குப் போயிருந்த வீடுகள் எத்தனை பூட்டிக் கிடந்தன என்பவற்றுக்குக் கட்டம் இராது. ஒரு பெண் வாசற்படியில் நின்று பதில் சொல்லும்போது மாமியார் உள்ளேயிருந்து இருமினால், அதற்கும் கட்டம் இராது. தாளின் ஓரத்திலே எழுதி வையுங்கள்.