ஏறினால் யாருக்கு, இறங்கினால் யாருக்கு?

(மண்ணரையில் பனியன், மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பங்கு மார்க்கெட். கூலிக்கும் போனசுக்கும் போராடுகிற நமக்கும் பம்பாய் பங்கு மார்க்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் பலர் நினைக்கலாம். கொஞ்ச நாள் முன்பு வரை நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த நினைப்பு தவறு என்பதை நமது தோழர் ஒருவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

அவர் இந்தப் பகுதியில் ஒரு நிட்டிங் கம்பெனியில் வேலை செய்கிறவர். இருபது வருஷமாக யூனியனில் இருக்கிறார். ஒரு நாள் இரவு ஷிப்ட் முடிந்து ஆபீசுக்கு வந்தார். செல்போனை நீட்டி, "தோழர், இதை இப்ப வித்துப் போடலாமுங்களா, வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டார். கிரேன்களையும் பாரம் தூக்கும் இயந்திரங்களையும் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியின் பங்கு அது. தீபாவளி போனசோடு, வீட்டம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடனையும் சேர்த்து 40,000 ரூபாய் போட்டிருந்தார். முதல் மாதம் விலை ஏறியது. பிறகு இறங்கியது, மறுபடி கொஞ்சம் ஏறியது, பிறகு பாதிக்கும் கீழே போய்விட்டது.

நாங்கள் என்ன செய்தோம்? கேலி பேசினோம். "நீயும் முதலாளி ஆயிட்டியா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு இரண்டு கிளைக் கூட்டங்களுக்கு வரவில்லை. இது எங்கள் தவறு, தோழர்களே. நெருப்பில் கை வைத்தவனைப் பார்த்துச் சிரிப்பது ஸ்தாபன வேலை அல்ல. அந்தத் தவறைத் திருத்திக்கொள்ளத்தான் இந்தக் கூட்டம்.

வாடகை இயந்திரம் ஏன் இப்படி ஆடுகிறது?

முதலில் அந்தத் தோழர் கேட்ட கேள்விக்கு வருவோம். வாடகைக் கம்பெனியின் பங்கு ஏன் இப்படித் தூளி ஆடுகிறது? இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நம் ஊரில் ஜாப்வொர்க்குக்கு நிட்டிங் மெஷின் போட்டவர்களைத் தெரியும். ஜே.சி.பி. வாங்கி மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டவர்களையும் தெரியும். அறுவடை மெஷின் வயலில் இறங்கிய பிறகு என்ன நடந்தது என்பது விவசாயத் தொழிலாளர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மெஷின் ஓடினால் வாடகை வரும். நின்றால் வராது. ஆனால் தவணை நிற்குமா? நிற்காது. 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவுப்படி நொய்யல் கரைச் சாயப் பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலை நாசமாக்கி, ஒரத்துப்பாளையம் அணையையும் அதன் கீழ் இருந்த விவசாயத்தையும் கெடுத்ததற்காக வந்த உத்தரவு அது. சாயம் நின்றதும் துணிக்கு வேலை நின்றது. கடனில் வாங்கிய மெஷின்கள் துணி மூடிக் கிடந்தன. ஆனால் பாங்க் நோட்டீஸ் நிற்கவில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவர் 10 லட்ச ரூபாய்க்கு மெஷின் வாங்குகிறார். கைப்பணம் 2 லட்சம், கடன் 8 லட்சம். மெஷினின் மதிப்பு பத்தில் ஒரு பங்கு, அதாவது 1 லட்சம் குறைகிறது. கடன் குறையாது. ஆகவே அவருடைய 2 லட்சம் 1 லட்சமாகிறது. மெஷினுக்கு விழுந்தது பத்தில் ஒரு அடி. அவருக்கு விழுந்தது பாதி அடி. மதிப்பு 1 லட்சம் ஏறினால் அவருடைய 2 லட்சம் 3 லட்சமாகத் தெரியும். பங்குதாரர் வைத்திருப்பது அந்தக் கைப்பணத்தின் ஒரு துண்டு. கடன் அதிகமாக உள்ள கம்பெனியின் பங்கு ஏறும்போதும் தாவுகிறது, இறங்கும்போதும் குப்புற விழுகிறது என்பதன் ரகசியம் இதுதான்.

இதற்கு மேல், பங்கின் விலை இன்று ஓடும் மெஷினைப் பார்த்து மட்டும் நிர்ணயமாவதில்லை. நாளைக்கு எவ்வளவு லாபம் வரும் என்ற எதிர்பார்ப்பின் மேல் நிற்கிறது. மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் இதைக் கற்பனை மூலதனம் என்ற பெயரில் விளக்கினார். மெஷின் ஒரு இடத்தில் இருக்கிறது. அதன் மேல் உள்ள உரிமைச் சீட்டு வேறு இடத்தில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. சீட்டின் விலை இரட்டிப்பானாலும் மெஷின் ஒரு மீட்டர் துணி கூடுதலாகப் பின்னாது.

ஜென்சால் கதை

ஊர் அறிந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். ஜென்சால் இன்ஜினியரிங் என்று ஒரு கம்பெனி. சூரிய மின்சார வேலைகளோடு, மின்சாரக் கார்களைக் கடனில் வாங்கி வாடகைக்கு விடும் தொழிலையும் நடத்தியது. அந்தக் கார்கள் ப்ளூஸ்மார்ட் என்ற டாக்சி கம்பெனிக்குப் போயின. டெல்லியிலும் பெங்களூரிலும் ஓடின. இரண்டு கம்பெனிகளின் பின்னாலும் ஜக்கி சகோதரர்கள் இருந்தார்கள்.

கடன் கொடுத்தது யார்? இரேடா, பவர் பைனான்ஸ் கார்ப்பரேஷன் என்ற இரண்டு அரசுத் துறை நிறுவனங்கள். மொத்தக் கடன் 977.75 கோடி ரூபாய். இதில் 6,400 கார்கள் வாங்குவதற்கென்று கொடுத்தது 663.89 கோடி. கம்பெனி தன் பங்கையும் போட வேண்டும் என்பதால் கார்களுக்குச் செலவாகியிருக்க வேண்டிய தொகை 829.86 கோடி. ஆனால் வாங்கியது 4,704 கார்கள்தான். அதற்கு ஆன செலவு 567.73 கோடி. மீதி 262.13 கோடிக்குக் கணக்கு இல்லை என்று செபி 2025 ஏப்ரல் 15-ந் தேதி பிறப்பித்த இடைக்கால உத்தரவு கூறியது. பணம் சுற்றிச் சுற்றிச் சென்று, குர்காவனில் 42.94 கோடி ரூபாய் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாகவும் அது கூறியது. 26 லட்ச ரூபாய்க்கு கோல்ப் விளையாட்டுச் சாமான் வாங்கியதும் அதில் இருக்கிறது. மாதம் 15,000 ரூபாய் வாங்கும் தொழிலாளி 14 வருஷம் பச்சைத் தண்ணீர் குடித்து வாழ்ந்தாலும் சேராத தொகை அது.

இந்தப் பங்கு 2024-ல் 1,100 ரூபாய்க்கு மேல் விற்றது. 2025 மார்ச் முதல் வாரத்தில், கம்பெனி கடனைக் கட்டத் தவறியதால், கேர், இக்ரா என்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள் அதை அடிமட்டத்துக்குத் தள்ளின. ஏப்ரல் நடுவில் விலை 130 ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. அதன் பிறகும் இறங்கியது.

விலை சரிந்தபோது பங்கு வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? பலர் விற்க முயன்றார்கள். ஆனால் ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் இறங்கக் கூடாது என்று மார்க்கெட்டில் ஒரு எல்லை உண்டு. காலையில் கதவு திறந்ததும் விலை அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதன் பிறகு விற்க மட்டுமே வரிசை நிற்கும், வாங்க ஆள் இருக்காது. கொட்டகையில் தீப்பிடித்து, கதவும் வெளியே பூட்டிக் கிடப்பது போன்ற நிலைமை அது. வேறு சிலர், விலை மலிந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் வாங்கினால் சராசரி குறையும் என்று மேலும் பணம் போடுவார்கள். நமது தோழரும் இரண்டாவது தடவை அப்படித்தான் போட்டார். குழுக் கடன் அதில்தான் போயிற்று.

மேலே இருந்தவர்கள் நிலைமை என்ன? அந்தக் கம்பெனியின் பங்குதாரர் எண்ணிக்கை சில ஆண்டுகளில் 155-லிருந்து 1,09,872 ஆக உயர்ந்தது. கம்பெனியைத் தொடங்கியவர்கள் கையில் 70.72 சதவீதமாக இருந்த பங்கு, அதே காலத்தில் ஏறத்தாழ 35 சதவீதமாகக் குறைந்தது. செபி உத்தரவு சொல்லும் கணக்கு இது. உள்ளே இருந்தவர்களின் சுமை பாதியானது. அது வெளியே இருந்த லட்சம் பேர் தோளுக்கு மாறியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 ஜனவரியில் அந்தக் கம்பெனி 30,000 கார்களுக்கு முன்பதிவு வந்துவிட்டதாக அறிவித்தது. விசாரித்துப் பார்த்தால், ஒன்பது நிறுவனங்களோடு 29,000 கார்களுக்கு வெறும் புரிந்துணர்வுக் கடிதம்தான் இருந்தது. விலையும் இல்லை, தேதியும் இல்லை. புனே அருகே உள்ள தொழிற்சாலைக்கு ஏப்ரல் 9-ந் தேதி தேசிய பங்குச் சந்தை அதிகாரி நேரில் போனார். அங்கே உற்பத்தி எதுவும் நடக்கவில்லை. இரண்டு மூன்று தொழிலாளர்கள் மட்டும் இருந்தார்கள்.

நாம் கேட்கிறோம்: லட்சம் பேர் செல்போனில் விலையைப் பார்த்தார்கள், எத்தனை பேர் கேட்டைப் பார்த்தார்கள்? ஒரு கம்பெனி ஓடுகிறதா இல்லையா என்பதை மண்ணரையில் கேட் முன்னால் டீக்கடை வைத்திருப்பவர் சொல்லிவிடுவார். நூல் மூட்டை இறங்குவதிலும், ஷிப்டுக்கு ஆள் வருவதிலும் அது தெரிந்துவிடும். செல்வம் எங்கே உற்பத்தியாகிறது என்பதைத் தொழிலாளியிடம் கேட்டால் தெரியும். பங்குச் சீட்டிடம் கேட்டால் தெரியாது.

முடிவு என்னவாயிற்று? 2025 ஏப்ரலில் டாக்சிகள் நின்றன. ஏறத்தாழ 10,000 ஓட்டுநர்கள் பிழைப்பை இழந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. ஏட்டில் அவர்களுக்குக் கொடுத்திருந்த பெயர் 'பார்ட்னர்'. லாபத்தில் பங்கு இல்லாத, நஷ்டத்தில் மட்டும் பங்குள்ள பார்ட்னர்! ஜூன் மாதத்தில் கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போயிற்று. திவால் சட்டப்படி, கம்பெனியைக் கலைத்து விற்றால் கிடைக்கும் பணத்துக்கு ஒரு வரிசை உண்டு. ஈடு வாங்கிக் கடன் கொடுத்தவர்களும், தொழிலாளரின் 24 மாதப் பாக்கியும் முன்னால் நிற்கும். சாதாரணப் பங்குதாரர் வரிசையில் கடைசி ஆள். அவர் முறை வரும்போது பாத்திரம் காலியாக இருக்கும்.

இது புதிய நோயா?

இல்லை. 1957-ல், தேசியமயமாகி ஒரு வருஷமே ஆகியிருந்த எல்.ஐ.சி.யின் பணம் ஏறத்தாழ 1.25 கோடி ரூபாய், ஹரிதாஸ் முந்த்ரா என்ற பங்குச் சூதாடியின் கம்பெனிகளைத் தூக்கி நிறுத்தப் போயிற்று. பெரோஸ் காந்தி பார்லிமெண்டில் அம்பலப்படுத்தினார். சாக்ளா கமிஷன் விசாரித்தது. 1958-ல் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜிநாமா செய்தார். அன்று பாலிசிதாரர் பணம். பின்னாளில் பொதுத் துறைக் கடன்.

நம் சீமையிலும் பார்த்தோம். 2009-ல் திருப்பூரில் பாசி நிறுவனம் கவிழ்ந்தது. 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழி கவிழ்ந்தது. பாசி வழக்கில் 2022-ல் 27 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அவை பங்கு மார்க்கெட்டுக்கு வெளியே நடந்த மோசடிகள் என்று சொல்லலாம். ஜென்சாலோ பங்கு மார்க்கெட்டில் பதிவான கம்பெனி. தணிக்கையும் தரச் சான்றும் இருந்தன. ஆகவே திருடனைப் பிடித்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கீழிருந்து மேலே இழுக்கும் குழாய் அங்கே நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது.

பங்கைக்கூட வாங்காமல், விலை ஏறும் இறங்கும் என்று பந்தயம் கட்டும் வியாபாரம் ஒன்றும் இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை அதில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனி நபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இதுவும் செபியின் கணக்குத்தான்.

நமக்குத் தெரியாமலே நாமும் அங்கே இருக்கிறோம். பி.எப். நிதியில் புதிதாக முதலீடு செய்யும் தொகையில் 5 சதவீதத்தை 2015-ல் பங்கு மார்க்கெட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அடுத்து 10 ஆயிற்று, 2017-ல் 15 ஆயிற்று. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. சர்க்கார் கேட்கவில்லை.

எது பெரிய நஷ்டம்?

நாங்கள் பிறகு அந்தத் தோழரின் வீட்டுக்குப் போனோம். நாங்கள் சிரித்தது தவறு என்று சொன்னோம். அவருடைய வீட்டம்மா சொன்னார்: "துட்டுப் போனாப் போகட்டுமுங்க. இவர் யாரோடயும் பேசாம உக்காந்திருக்கறதுதான் எனக்குப் பயமா இருக்குது."

அப்போது தோழர் ஒரு விஷயத்தைச் சொன்னார். பெயர் இல்லாமல் இங்கே சொல்ல அவர் சம்மதம் கொடுத்திருக்கிறார். "அந்தக் கம்பெனியில முன்னூறு பேரை வேலையை விட்டு நிறுத்தறாங்கன்னு போன்ல சேதி வந்துச்சு தோழர். செலவு குறையும், பங்கு ஏறும்னு போட்டிருந்தாங்க. நானும் சந்தோசப்பட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான், நான் எதுக்குச் சந்தோசப்பட்டேன்னு நெனச்சேன்."

தோழர்களே, இருபது வருஷம் செங்கொடி பிடித்த கை அது. 40,000 ரூபாய் அவரை ஒரு மாலை நேரத்துக்கு, முன்னூறு தொழிலாளிகளின் பட்டினியைப் பார்த்து மகிழ வைத்துவிட்டது. அவர் கெட்டவர் என்பதால் அல்ல. கூலி போதவில்லை. பிள்ளையின் படிப்புக்கும், வீட்டு வாடகைக்கும், ஆஸ்பத்திரிக்கும் வழி தெரியவில்லை. அந்த ஆசையைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. ஆனால் இந்த வழி நம்மை நம் ஆட்களுக்கு எதிராகவே நிறுத்துகிறது. அதுதான் பெரிய நஷ்டம்.

அந்தத் தோழர் பங்கை நஷ்டத்துக்கு விற்றார். வந்த பணத்தைக் குழுக் கடனுக்குக் கட்டினார். மீதிக்குத் தவணை போட்டிருக்கிறார்கள். இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். கடன் வாங்கியோ, மகளிர் குழுப் பணத்தை எடுத்தோ பங்கில் போடாதீர்கள். செல்போனில் ஆசை காட்டும் குரூப்புகளை நம்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் மறைக்காதீர்கள். ஆன்லைன் மோசடிக்கு 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். கம்பெனி, புரோக்கர் சம்பந்தமான புகாருக்கு செபியின் ஸ்கோர்ஸ் இருக்கிறது. எழுதத் தெரியாவிட்டால் யூனியன் ஆபீசுக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம். இனி அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். பி.எப். பாஸ்புக்கை மாதா மாதம் பாருங்கள். பிடித்த பணத்தை முதலாளி கட்டவில்லை என்றால் அன்றைக்கே சொல்லுங்கள்.

பி.எப். பணத்தைப் பந்தயத்தில் வைக்காதே, பொதுப் பணத்தைக் கடன் கொடுத்தால் இயந்திரம் வந்ததா என்று நேரில் போய்ப் பார், ஓட்டுநரை ஏட்டிலும் தொழிலாளி என்று எழுது என்று சர்க்காரைக் கேட்போம்.

நம் கையில் ஒரு முதலீடு இருக்கிறது, தோழர்களே. அதன் பெயர் சங்கம். மாதச் சந்தா கொஞ்சம்தான். போனசும் கூலி உயர்வும் அதிலிருந்துதான் இதுவரை வந்திருக்கின்றன. ஒருவர் வேலை போனால் மற்றவர் மகிழ வேண்டிய அவசியம் அதில் இல்லை. அதை வளர்ப்போம்!